எரிச்சல் என்று சொன்னேன்

வாளி நிறைந்துவிட்டது, குழாயையும் மூடியாயிற்று, மூடிய பிறகு ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு, அதுவும் நின்றுவிட்டது, இனிச் சாக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள், மாதாந்திரப் பராமரிப்பாம், சாயங்காலம்தான் வருமாம், அதனால் வீட்டு முன்பக்கம் எங்கள் மாவு மில்லும் ஊமையாக நிற்கிறது. கல்யாணமாகி இந்தத் திண்டுக்கல்லுக்கு வந்ததிலிருந்து அந்த மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே பேசிப் பழகியவள் இந்தக் கண்ணி, சண்டைகூட அதற்கு மேலே கத்தித்தான் போட்டிருக்கிறேன், இன்றைக்கு என் மூச்சு எனக்கே கேட்கிறது. கதவுக்கு வெளியே ஸ்டூல் இழுபடுகிற சத்தம். அவர்தான், என் வீட்டுக்காரர் தவமணி. கடைத்தெருவரைக்கும் போய்வருகிறேன் என்று சட்டையை மாட்டியவர் போகவில்லை. இந்த மனுஷனுக்குப் பொய் சொல்லவும் தெரியாது, நிஜத்தைச் சொல்லவும் வராது. எனக்கு ஒத்தடம் கொடுக்க ஐஸ்கட்டிப் பாத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார், எனக்குத் தெரியும். தண்ணீர் பட்டால் அரிக்கிற உடம்பு என்னுடையது. இரண்டு வருஷமாகத் தலையோடு தண்ணீர் ஊற்றிக் குளித்ததில்லை, ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதோடு சரி. இன்றைக்கு இந்த வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, உடம்பு காய்கிறவரைக்கும் சும்மா நிற்க வேண்டும். அரிக்கவில்லை என்றால் புது மாத்திரை கேட்கிறது என்று அர்த்தம், நான் பழையபடி ஒரு மனுஷி. அரித்தால், அதை நினைக்க வேண்டாம் என்றுதானே குழாயையே இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலில் காலுக்கு ஊற்றுவோம். ஒரே ஒரு சொம்பு, அதுவும் அரைச் சொம்பு. அப்பா, என்ன ஜில்லு. பாதத்தில் விழுந்து, விரல் இடுக்கில் நுழைந்து, தரையில் ஓடி, சல்லடைத் துளைக்குள் இறங்குகிறது, வேடிக்கை பார்த்துக்கொண்டே நிற்கலாம் போலிருக்கிறது. தண்ணீரால் ஒன்றும் இல்லை, அது நல்லது, பட்டு முடித்துக் காயத் தொடங்கும்போதுதான் எல்லாமே ஆரம்பிக்கும். முதல்முறை வந்தபோது இதே இடத்தில், துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றேன். தொடையில் லேசாகக் கிள்ளியது, எறும்போ என்று பார்த்தேன், ஒன்றும் இல்லை, அதற்குள் வயிறு, முதுகு, கை என்று எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டது. தோலுக்கு மேலே ஒரு தடிப்பு கிடையாது, ஒரு கொப்புளம் கிடையாது, பார்க்கிறவருக்கு நான் நடிக்கிறேன் என்றுதான் தோன்றும். உள்ளேயோ வரமிளகாயை அரைத்து அப்பியிருக்கிறது. தேங்காய் நாரை எடுத்துத் தேய்த்தேன், சீப்பை எடுத்துக் கீறினேன், சுவரில் முதுகை வைத்து இழைத்தேன், ரத்தம் வந்தது, அரிப்பு மட்டும் போகவில்லை. அவர் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஏ புள்ள, வேணாம் புள்ள, வேணாம் புள்ள" என்றார், அதைத் தவிர அவருக்கு வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அடங்குவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. மிளகாய்த் தூசிதான் காரணம் என்று அவராகவே முடிவுசெய்து மறுநாளிலிருந்து மிளகாய் அரைப்பதை நிறுத்தினார், கேட்டவர்களிடமெல்லாம் மெஷின் ரிப்பேர் என்றார், இந்தப் பக்கம் மல்லி ஜம்மென்று அரைபட்டுக்கொண்டிருக்கிறது. அரிப்பு நிற்கவில்லை. அப்புறம் போர்த்தண்ணியில் உப்பு என்றார். குடிக்கிற கேன் தண்ணீரை வரிசையாக இறக்கினார், கேன் போடுகிறவர், "என்னண்ணே, வீட்டுல விசேஷமா?" என்று கேட்டார், "ஆமாய்யா, என் பொண்டாட்டி குளிக்கப் போறா" என்றார் இவர், சிரிக்காமல். நாட்டிலேயே கேன் தண்ணீரில் குளித்த மகாராணி நானாகத்தான் இருப்பேன். அதிலும் அரித்தது.

பாதம் காய்ந்துகொண்டிருக்கிறது. பார்க்காதே, பார்த்தால் வரும். வேறு எதையாவது நினை. அரிப்பு, அரிப்பு, அரிப்பு. மனசுக்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம், வாயால் சொல்ல முடியுமா? எங்கள் பக்கத்தில் ஒருத்தியை அரிப்பெடுத்தவள் என்றால் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்த வார்த்தைக்காகத் தெருவில் குடுமிப்பிடிச் சண்டை நடந்திருக்கிறது. அதைக் கொண்டுபோய் ஓர் ஆம்பிளை டாக்டர் முன்னால், பக்கத்தில் புருஷனையும் வைத்துக்கொண்டு, எனக்கு உடம்பெல்லாம் அரிப்பு என்று எப்படிச் சொல்வது, அதுவும் ஐம்பதை நெருங்குகிற வயதில்? அதனால் எரிச்சல் என்று சொன்னேன். எரிச்சல் மரியாதையான வார்த்தை, யாருக்கும் வரலாம், கடவுளுக்குக்கூட வரும். "தண்ணி பட்டா எரியுதுங்க டாக்டர்." அவர் எழுதிக்கொண்டே, "ஒன்னுக்குப் போறப்பவா?" என்றார். நான் இல்லை என்று சொல்வதற்குள் இவர் முந்திக்கொண்டு, "ஆமாங்க, இருக்கும்ங்க" என்று தலையாட்டினார். நீர்க்கடுப்புக்கு மாத்திரை, நிறைய மோர் குடிக்கணும். அடுத்த டாக்டரிடமும் எரிச்சல் என்றுதான் சொன்னேன், நரம்புக்கு ஊசி போட்டார். அதற்கடுத்தவர், "இந்த வயசுல அப்படித்தாம்மா, மாதவிலக்கு நிக்கிற நேரம், மனசைப் போட்டு ஒழப்பிக்காதீங்க" என்றார். ஒருத்தர் வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டு பச்சைமிளகாயைக் குறைக்கச் சொன்னார். யாரையும் குறை சொல்ல மாட்டேன், சொன்னதற்குத்தானே வைத்தியம் பார்ப்பார்கள். கோபமெல்லாம் அந்த வார்த்தை மேல்தான். ஓர் உடம்புக்கு வருகிற ஒரு சாதாரண வலியை எடுத்து, பெண்களை ஏசுவதற்கென்று எவனோ ஒருத்தன் அழுக்காக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான், அதனால் எனக்கு நோய் வந்தபோது சொல்ல வார்த்தை இல்லை. அவன் மட்டும் கையில் கிடைத்தால் மெஷினுக்குள் போட்டு அரைத்துவிடுவேன்.

பாதத்தில் ஒன்றும் இல்லை. காய்ந்துவிட்டது, நிஜமாகவே காய்ந்துவிட்டது. அரைச் சொம்புக்கெல்லாம் அது வராமல் இருக்கலாம், ஏமாறக் கூடாது. முழங்கால்வரை ஒரு சொம்பு, தோளிலிருந்து கை வழியாக ஒரு சொம்பு. "ஏ புள்ள?" என்கிறது வெளியே குரல். "இன்னும் தலைக்கு ஊத்தல, சும்மா கெடங்க." "நான் ஒண்ணும் கேக்கல, பேப்பர் படிக்கிறேன்." பேப்பரா, இன்றைய பேப்பர் இங்கே ஜன்னல் திட்டில்தான் கிடக்கிறது, பவுடர் கொட்டாமலிருக்க நான்தான் விரித்தேன். பவுடர், இரண்டு வருஷமாக என் சோறும் சாறும் அதுதான். மாவு, மல்லித்தூள், வேர்வை எல்லாவற்றுக்கும் மேலே பூசு பூசு என்று பூசிக்கொண்டு மில்லில் நிற்பேன். ஒரு கல்யாண வீட்டில் சிட்டம்மா மதினி, என் வீட்டுக்காரரின் அக்கா, நான் பந்தியில் உட்கார்ந்ததும் எழுந்து இரண்டு இலை தள்ளி உட்கார்ந்தார். "குளிக்கக்கூட நோகுதாம் மகாராணிக்கு. மூஞ்சியப் பாரு, செக்கச்செவேல்னு. ரத்தக்கொழுப்பு, வேற என்ன" என்றார், எனக்குக் கேட்க வேண்டும் என்றேதான் சொன்னார். முகம் சிவந்திருந்தது உண்மை. எல்லோரும் அதைப் பார்த்து, என்ன களை, என்ன களை என்றார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான், தலைவலி மண்டையைப் பிளக்கும், ஆனால் கண்ணாடியில் பார்த்தால் புதுப்பெண். அந்த நேரத்தில்தான் எதிர்த்த பள்ளிக்கூடத்தில் ரத்ததான முகாம் போட்டார்கள், குளிக்காதவளின் ரத்தமாவது நாலு பேருக்கு ஆகட்டும் என்று போனேன். விரலில் குத்திப் பார்த்த பெண், இன்னொரு தடவை குத்திப் பார்த்தாள். "ஆன்ட்டி, உங்களுக்கு ஹீமோகுளோபின் பத்தொம்பது இருக்கு, ரொம்ப ஜாஸ்தி, டாக்டரைப் பாருங்க." கடைசி இரண்டு வார்த்தை என் காதில் ஏறவே இல்லை. பத்தொன்பது! தெருவில் அவளவளும் எட்டு, ஒன்பது என்று வெளிறிப்போய்ப் பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருக்க, எனக்குப் பத்தொன்பது. வாசலிலேயே எல்லோரிடமும் சொன்னேன். இவர் ஒரு படி மேலே போய், மில்லுக்கு வந்தவர்களிடமெல்லாம் "எங்க வீட்டு ராகியோட பவரு" என்று சொல்ல, அந்த வாரம் ராகி அரைக்க வந்த கூட்டத்தை வரிசையில்தான் நிறுத்த வேண்டியிருந்தது. முதல் மார்க் வாங்கிய பிள்ளையைப் போலத் திரிந்தேன் நான்.

கையும் காய்கிறது. இடது முழங்கைக்குப் பக்கத்தில் என்னமோ, இல்லை, ஒன்றும் இல்லை, சொம்பின் விளிம்பு பட்ட இடம். ஒருநாள் கால் பெருவிரல் நெருப்பு வைத்தாற்போல் எரிந்தது, நிஜமாகவே எரிந்தது, சிவந்து, பிறகு நீலம் பூத்தது. அதற்குத்தான் மதுரைக்குப் போனோம், ஒருத்தர் பார்த்து இன்னொருத்தரிடம் அனுப்ப, ரத்த நோய்களுக்கென்றே படித்த டாக்டர் ஹெலன் முன்னால் உட்கார்ந்தேன். சின்ன வயசுப் பெண், மூக்கின் நுனியில் கண்ணாடி. முகாம் பெண் சொன்ன கணக்கை இவர் அங்கேயும் பெருமையாகத்தான் சொன்னார், டாக்டரம்மா சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், வயிற்றின் இடது பக்கத்தை அமுக்கிப் பார்த்தார். அப்புறம் ரொம்பச் சாதாரணமாக, சாப்பிட்டீங்களா என்று கேட்கிற குரலில், "குளிச்சு முடிச்சதும் ஒடம்பெல்லாம் அரிக்குமாம்மா?" என்றார். நான் சொல்லாமலே ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து கழுவித் துடைத்த பாத்திரமாட்டம் வந்தது, அதில் ஒரு அழுக்கும் இல்லை. "அரிக்கும் டாக்டர், அரிக்கும், அரிக்கும், ஐயோ அரிக்குது டாக்டர்" என்று ஓவென்று அழுதேன், இவர் பயந்துபோய் எழுந்து நின்றுவிட்டார். டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது அந்த நோயோட அடையாளம்தாம்மா, நீங்க நடிக்கல" என்றார். நடிக்கல. அந்த ஒரு வார்த்தைக்கே அவருக்குச் சாகும்வரை மாவு இலவசமாக அரைத்துத் தருவேன்.

எலும்புக்குள்ளே மஜ்ஜை இருக்கிறதாம், நல்லி எலும்பை உறிஞ்சினால் வருமே, அதுதான், அங்கேதான் ரத்தம் ஊறுகிறதாம். அதில் ஏதோ ஒரேயொரு செல்லுக்குள் ஒரு சின்ன எழுத்துப்பிழை, அந்தச் செல் பெருகிப் பெருகி, உடம்பு போதும் போதும் என்று சொன்னாலும் கேட்காமல் சிவப்பணுவைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. "உங்க மில்லுல சுவிட்ச் மாட்டிக்கிட்டு மெஷின் நிக்காம ஓடினா எப்படி இருக்கும், அப்படி" என்றார். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது, இவருக்குத்தான் விளங்கவில்லை, "எதனாலங்க, மொளகாயா?" என்றார். மிளகாய் இல்லை, தண்ணீர் இல்லை, தின்றது தின்னாதது எதுவும் இல்லை, அப்பன் ஆத்தாளிடமிருந்து வந்ததும் இல்லை, பிள்ளைகளுக்குப் போகப்போவதும் இல்லை, பாதி வயசு தாண்டியபிறகு எப்படியோ ஏற்படுகிற பிழை, லட்சத்தில் யாரோ ஒன்றிரண்டு பேருக்கு வரும். ரத்தம் குழம்பாகக் கெட்டியாகிவிடும், அதனால் தலைவலி, அதனால் சிவந்த முகம், அதனால் விரல் நீலம், மூளையிலோ நெஞ்சிலோ கட்டிக்கொண்டால் ஆளே போய்விடும். பேர் கேட்டபோதுதான் கொஞ்சம் தயங்கி, "ரத்தப் புற்று வகையில சேர்த்திருக்காங்க, ஆனா மெதுவா போறது, மருந்து சாப்பிட்டா நீண்ட நாள் இருக்கலாம்" என்றார். புற்று. ஆனாவுக்குப் பிறகு சொன்னது எதுவும் அன்றைக்கு என்னோடு வீட்டுக்கு வரவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடினால் ஈரமண் புற்று, அதற்குள் பாம்பு, பக்கத்தில் எறும்பு வரிசை, எல்லாம் என் எலும்புக்குள்ளே. விஷயம் தெரிந்ததும் மதினி ஓடிவந்தார். ஏசினதற்கு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை, அவரிடம் அதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் ரத்த நோய் என்றால் ரத்தம் இல்லாத நோய் என்று அவராகவே எடுத்துக்கொண்டு, பீட்ரூட், மாதுளை, முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல் என்று ஒரு பை நிறையக் கொண்டுவந்து வைத்தார். "மதினி, எனக்கு ரத்தம் கூடிப்போச்சு, அதை எடுத்துக் கீழ ஊத்துறாங்க" என்றேன். "கூடுமா? ரத்தம் கூடுனா அது ஒரு நோக்காடா? கொழுப்புடி ஒனக்கு." சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார், நானும் சிரித்தேன், அவரும் சிரித்தார், ஈரலை அவரே வறுத்து இவருக்குப் போட்டார். மாதம் ஒருமுறை பை பையாக ரத்தம் எடுத்தார்கள், யாருக்கும் ஏற்றமுடியாத ரத்தமாம், அப்படியே எறிந்தார்கள், அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். தலைவலி போனது, விரல் தெளிந்தது, முகத்துச் சிவப்பு இறங்கியது, அரிப்பு மட்டும் அசையவில்லை. அதற்குத்தான் இந்தப் புது மாத்திரை. போன தடவை போனபோது டாக்டரம்மா, "குளிச்சுப் பாருங்கம்மா, பயப்படாதீங்க" என்றார், சொல்லி மூன்று வாரம் ஆகிறது. நான் பயந்தேன். பயப்படாமல் என்ன செய்ய, இதுவும் கேட்கவில்லை என்றால் அப்புறம் ஆயுசுக்கும் ஈரத்துணிதான்.

போதும் கண்ணி, ஊற்று. கண்ணை மூடாதே. அம்மாடி! உச்சியில் விழுந்து காதோரம் வழிந்து முதுகுத்தண்டில் இறங்குகிறது, இன்னொரு சொம்பு, இன்னொன்று, மூச்சு முட்டுகிறது, வாயெல்லாம் தண்ணீர், தலைமுடியின் கனம், இரண்டு வருஷத்து மாவு இன்றைக்குத்தான் கரைகிறது, தரையெல்லாம் வெள்ளையாக ஓடுகிறது பார், சோப்பு, அய்யோ இந்தச் சோப்பு வாசனை, கத்த வேண்டும்போல இருக்கிறது, நான் கத்தினால் அவர் கதவை உடைத்துவிடுவார். வாளி காலி. இனி நிற்க வேண்டும். துடைக்க மாட்டேன், வந்தால் நேருக்கு நேர் வரட்டும். தோளில் முத்து முத்தாக இருக்கிறது, ஒவ்வொன்றாகச் சிறுத்துப் போகிறது. வயிறு காய்கிறது. வழக்கமாக இந்நேரம் தொடையில் கிள்ளத் தொடங்கியிருக்கும். கிள்ளவில்லை. முதுகு? முதுகிலும் இல்லை. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, அதுவேறு இந்த அமைதியில் மில் ஓடுகிற மாதிரிக் கேட்கிறது. சந்தோஷப்படலாமா, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், கை காய்ந்தது, கழுத்து காய்ந்தது. ஐயோ. இதோ. கெண்டைக்காலில். வந்துவிட்டது. ஓர் இடத்தில் சுருக்கென்று, அப்புறம் அரிப்பு, ஆமாம், அரிப்பேதான், சுவரைப் பிடித்துக்கொள்கிறேன், இனி எல்லா இடத்துக்கும் ஏறும், தொடை, இடுப்பு, வா, வந்து தொலை. ஏறவில்லை. கெண்டைக்காலில் அந்த ஓர் இடத்தில் மட்டும்தான் அரிக்கிறது. குனிந்து பார்க்கிறேன். தடித்திருக்கிறது, கடுகளவு, சிவப்பாக. எனக்கு ஒருநாளும் தடித்ததே இல்லையே! பக்கத்துச் சுவரில் உட்கார்ந்திருக்கிறது, வயிறு முட்டக் குடித்துவிட்டுப் பறக்கமாட்டாமல், ஒரு கொசு.

கொசு! வெறும் கொசு! ஊர் உலகத்தையே கடிக்கிற கொசு, எல்லோருக்கும் அரிக்கிறமாதிரி எனக்கும் அரிக்கிறது, ஒரே ஓர் இடத்தில், நகத்தால் சொறிந்தால் சுகமாக இருக்கிறது! அடிக்க ஓங்கிய கையை இறக்கிவிட்டேன், குடித்துவிட்டுப் போ தாயே, யாருக்கும் ஆகாத என் ரத்தம் உனக்காவது ஆனதே. எனக்குச் சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது, இரண்டும் சேர்ந்து ஏதோ ஒரு சத்தமாக வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான், ஸ்டூல் உருண்டு விழுந்தது, ஐஸ்கட்டிகள் தரையெல்லாம் சிதறின, "ஏ புள்ள! ஏ கண்ணி! வந்துருச்சா? கதவத் தொற புள்ள, கையப் புடிச்சுக்கிறேன், தொற!" என்று கதவைத் தட்டுகிறார். "வரல" என்றேன். தட்டுவது நின்றது. "என்னது?" "வரலைங்க. காஞ்சுருச்சு. முழுசாக் காஞ்சுருச்சு." வெளியே மூக்கை உறிஞ்சுகிற சத்தம், அதை மறைக்க ஓர் இருமல், பிறகு, "சரி, சரி, அப்பத் துண்டு தரவா, வெளிய வாரியா?" "துண்டு வேணாம், மொட்டைமாடித் தொட்டியில தண்ணி கெடக்கா?" "கெடக்கு, எதுக்கு?" குழாயைத் திறந்துவிட்டேன், காலி வாளியில் தண்ணீர் தடதடவென்று விழுந்தது, அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினேன், "இன்னொரு தரம் குளிக்கப் போறேன்!" "இப்பத்தான குளிச்ச, பத்தாதா புள்ள?"

"பத்தாது!"